கடைப் பெயர்ப்பலகை: அச்செழுத்தா, கையெழுத்தா?



பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம் தோட்டத்து வீடுகளில் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சம்பளம் வந்த மறுநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறிக் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ போவோம். புத்தகப் பை, சீருடை, கடைசியாகச் சப்பாத்து. பள்ளிச் சப்பாத்து வெள்ளையாக இருந்த காலத்தில் அதற்கு வாரந்தோறும் வெள்ளை பூசிக் காயவைத்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாத பாட்டியும், பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்து, "அதோ, பாட்டா கடை வந்துவிட்டது, இறங்குங்கள்" என்று சொல்லிவிடுவார். எப்படிச் சொன்னார்? அவர் எழுத்தைக் கூட்டிப் படிக்கவில்லை. சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் அந்தச் சிவப்பு எழுத்துகளின் உருவத்தை, கோயில் கோபுரத்தை அடையாளம் காண்பதுபோல் அடையாளம் கண்டார்.

கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். பெயரைப் படிக்கிறவர்கள் குறைவு, பெயரின் உருவத்தைப் பார்க்கிறவர்களே அதிகம். அதனால்தான் பெரிய கடைகள் தங்கள் பெயரெழுத்தின் வடிவத்தைப் பொக்கிஷம்போல் காக்கின்றன. போலிச் சரக்கு விற்கிறவர்களும் இதே உண்மையை அறிவார்கள். பாட்டிக்குத் தெரிந்தது உருவம் மட்டுமே என்றால், ஏறக்குறைய அதே உருவத்தைக் காட்டி அவரை ஏமாற்றிவிடலாம் அல்லவா?

ஆகவே, ஒரு கடையின் பெயரெழுத்து எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை. உலகில் உள்ள பெயர்ப்பலகை எழுத்துகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று அச்செழுத்து, மற்றது வரைந்த எழுத்து. தீபாவளிக்கு நாம் சுடும் முறுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் பிழியும் முறுக்கும் உண்டு, கையால் சுற்றும் முறுக்கும் உண்டு. அச்சு முறுக்கில் எந்த இழையை எடுத்தாலும் ஒரே கனம், ஒரே விளிம்பு. கைமுறுக்கு அப்படியன்று. ஒரே கை சுற்றினாலும் ஒன்றின் சுற்று இறுக்கமாக இருக்கும், அடுத்தது சற்றுத் தளர்ந்திருக்கும்.

எழுத்தும் அவ்வாறே. முற்காலத்தில் ஈயத்தில் எழுத்துகளை வார்த்து, அவற்றை வரிசையாகக் கோத்து அச்சடித்தார்கள். இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது நம் தமிழே. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூல் அச்சிடப்பட்டது. இன்று ஈயத்துக்குப் பதிலாகக் கணினியில் எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் தத்துவம் ஒன்றுதான். ஓர் எழுத்தை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, அதையே ஆயிரம் முறை பயன்படுத்துவது அச்செழுத்து. அந்தப் பெயருக்கென்றே ஒருவர் உட்கார்ந்து எழுதுவது வரைந்த எழுத்து.

இரண்டையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, இரட்டை எழுத்துச் சோதனை. ஒரு பெயரில் இரண்டு முறை வரும் எழுத்தைத் தேடுங்கள். இரண்டும் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாக இருக்கின்றனவா, வேறுபடுகின்றனவா என்று பாருங்கள்.

பேனாசோனிக் மின்விசிறியோ சோறாக்கும் பாத்திரமோ பல வீடுகளில் உண்டு. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஏ' எழுத்து இரண்டு முறை வரும், 'என்' எழுத்தும் இரண்டு முறை வரும். உற்றுப் பாருங்கள். இரண்டு 'ஏ'யும் ஒரே அச்சு, இரண்டு 'என்'னும் ஒரே அச்சு. ஆம், அது ஹெல்வெட்டிகா என்னும் எழுத்து வகையின் தடித்த வடிவம். 1957-இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் என்பவர் வரைந்து, ஹாஸ் என்னும் எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. முதலில் அதற்கு வேறு பெயர் இருந்தது. 1960-இல்தான் ஹெல்வெட்டிகா ஆயிற்று.

ஹெல்வெட்டிகாவைப்போலவே தோன்றும் இன்னொன்று உண்டு. அதன் பெயர் ஏரியல். 1982-இல் உருவானது, ஏராளமான கணினிகளில் இருப்பது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 'சி', 'எஸ்' ஆகிய எழுத்துகளின் நுனிகளைப் பாருங்கள். கத்தியால் நேர்க்கிடையாக வெட்டினாற்போல் இருந்தால் ஹெல்வெட்டிகா. சாய்வாக வெட்டியிருந்தால் ஏரியல். நாம் பால்மரத்துப் பட்டையில் வெட்டின் சாய்வைப் பார்த்தே வெட்டியவர் யார் என்று சொல்வதில்லையா? அதே கண்தான் இதற்கும் வேண்டும்.

இப்பொழுது கோக்கோ கோலாப் புட்டியை எடுங்கள். அதன் பெயரில் பெரிய 'சி' எழுத்து இரண்டு உண்டு. முதல் 'சி'யின் வால் நீண்டு அடுத்த எழுத்துகளுக்குக் கீழே ஓடுகிறது. இரண்டாவது 'சி'யோ மேலே நீண்டு, பக்கத்தில் நிற்கும் 'எல்' எழுத்தின் வளையத்துக்குள் நுழைகிறது. இரண்டும் ஒரே அச்சில் பிறந்திருக்க முடியாது. வரலாறும் அதையே சொல்கிறது. 1886-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அந்தப் பானத்தை உண்டாக்கிய பெம்பர்ட்டன் என்னும் மருந்துக்காரரிடம் கணக்கு எழுதியவர் ஃபிராங்க் ராபின்சன். அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பென்சர் என்பவரின் முறைப்படி அழகான சாய்வெழுத்துக் கற்பித்தார்கள். அந்த எழுத்தில் ராபின்சன் எழுதிய பெயரே இன்று உலகம் முழுவதும் தெரிகிறது. நம் தோட்டத்துக் கிராணியைப்போல் ஒரு கணக்குப்பிள்ளையின் கையெழுத்து அது!

இரண்டாவது, இணைப்புச் சோதனை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைப் பாருங்கள். அச்செழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித் துண்டு. சேர்த்தெழுதிய தோற்றம் வேண்டுமென்றால், எல்லா எழுத்துகளின் வாலும் ஒரே உயரத்தில் வந்து முடியும்படி செய்தாக வேண்டும். கையால் வரைகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பக்கத்தில் வரும் எழுத்துக்குத் தக்கபடி இணைப்பை உயர்த்துவார், தாழ்த்துவார்.

மூன்றாவது, ஆண்டுச் சோதனை. மூன்றிலும் உறுதியானது இதுவே. மகன் பிறந்த பிறகு தகப்பன் பிறக்க முடியாது. ஒரு கடையின் பெயரெழுத்து முந்தியது, ஓர் எழுத்து வகை பிந்தியது என்றால், அந்த எழுத்து வகையிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்க வழியில்லை. இன்றைய கணினி எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைக்க முடியும். ஆகவே முதல் சோதனை சில வேளைகளில் நம்மை ஏய்த்துவிடும். ஆண்டுக் கணக்கு ஏய்க்காது.

இனி நம் பாட்டி கண்ட சிவப்பு எழுத்துக்கு வருவோம்.

பாட்டா என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்களில் சிலர் அதை இந்தியக் கம்பெனி என்று எண்ணுவார்கள். கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் என்றே ஓர் ஊர் இருக்கிறது அல்லவா? உண்மையில் அது ஐரோப்பாவில், இன்றைய செக் நாட்டில், ஸ்லீன் என்னும் ஊரில் பிறந்தது. சப்பாத்துத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த தோமாஷ் பாட்டா, அண்ணன் அந்தோனீன், அக்காள் அன்னா ஆகிய மூவரும் சேர்ந்து 1894-இல் தொழிலைத் தொடங்கினார்கள். ஆகவே அந்தச் சொல் ஒரு குடும்பப் பெயர். தோமாஷ் 1932-இல் விமான விபத்தில் மாண்டார். ஆனால் அவர் பெயர் கடல் கடந்து வந்தது. 1930-களில் மலாயாவிலும் அந்தக் கடைகள் வந்தன. பின்னர் நம் கிள்ளானிலேயே அதற்கு ஒரு தொழிற்சாலையும் இருந்தது.

மலாயாவுக்கு ஏன் வந்தார்கள்? துணிச் சப்பாத்தின் அடிப்பகுதி ரப்பர். ரப்பர் இருந்த இடம் மலாயா. விடியற்காலையில் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நம் முன்னோர் வெட்டி எடுத்த பாலின் ஒரு பகுதிதான் இத்தகைய சப்பாத்துகளாகி, பிள்ளைகளின் காலுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெயர்ப்பலகைக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் வாங்குகிறவர் உறவு அன்று.

சரி, அந்த எழுத்து எந்த அச்சு? தூரிகையால் எழுதினாற்போன்ற ஆங்கில எழுத்து வகைகளில் பெயர் பெற்றது பிரஷ் ஸ்கிரிப்ட். கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதை ராபர்ட் ஸ்மித் என்பவர் அமெரிக்க எழுத்து வார்ப்பகத்துக்காக உருவாக்கிய ஆண்டு 1942. மிஸ்ட்ரால் என்னும் இன்னொரு கையெழுத்து வகை 1953-இல் வந்தது. பாட்டாக் கடைகளின் முகப்பிலோ 1930-களிலேயே அந்தச் சேர்த்தெழுத்து நின்றுகொண்டிருந்தது. ஆண்டுச் சோதனை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது இந்த இரண்டு அச்சிலிருந்தும் எடுத்ததன்று. அந்தப் பெயருக்கென்றே வரைந்த எழுத்து.

பெயரில் உள்ள இரண்டு 'ஏ' எழுத்துகளையும் பாருங்கள். முதலாவது நடுவில் நிற்கிறது, அடுத்த எழுத்துக்குக் கை நீட்ட வேண்டும். இரண்டாவது கடைசியில் நிற்கிறது, யாருக்கும் கை நீட்ட வேண்டியதில்லை. இடத்துக்கு ஏற்ற வேலை என்பது வரைகிறவருக்கு இயல்பாக வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. செக் மொழியில் அந்தக் குடும்பப் பெயரை எழுதும்போது 'டி' எழுத்தின் தலைமாட்டில் ஒரு சிறு கீற்றுப் போடுவார்கள். அந்தக் கீற்று இருந்தால் ஒலி மென்மையாகி, ஏறக்குறைய 'பாத்யா' என்று வரும். செக் நாட்டில் இன்றும் கடைப் பலகையில் அந்தக் கீற்று உண்டு. பிற நாடுகளில் அது விடப்பட்டது. நம் புள்ளியை நினைத்துப் பாருங்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணி பட்டு ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள் நம் முன்னோர். இங்கே கடல் தாண்டும்போது ஒரு கீற்று உதிர்ந்தது. ஆகவே ஒரு பழைய படத்தைக் காட்டினால், அந்தக் கீற்றைப் பார்த்தே கடை எந்தப் பக்கத்தது என்று ஊகிக்கலாம்.

நேயர்களே, ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான் இந்தச் சோதனையா என்று கேட்பீர்கள். தமிழுக்கும் உண்டு. பிரிக்பீல்ட்சில் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலோ நடந்து போகும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள். கோலாலம்பூரில் பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது மாநகர் மன்ற விதி. ஆகவே ஒரே பலகையில் மலாய் ஒரு வடிவத்திலும் தமிழ் வேறொரு வடிவத்திலும் நிற்பதைக் காணலாம்.

பழைய பலகைகளை எழுத்துக்காரர்கள் கையால் எழுதினார்கள். சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்டு, எனாமல் சாயத்தில் தட்டைத் தூரிகையைத் தோய்த்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் வளைவைப் போடுவார்கள். அப்படிப்பட்ட பலகையில் இரண்டு 'க' இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைமுறுக்கின் கதை தெரியும்.

தமிழ்ப் பலகைக்கும் ஆண்டுச் சோதனை உண்டு. 'முருகன் துணை' என்று எழுதியிருக்கும் பலகையில் 'ணை' எழுத்தைப் பாருங்கள். யானைத் துதிக்கைபோல் முன்னால் ஒரு சுழி மேலெழுந்து நின்றால் அது பழைய வடிவம். 'அண்ணாமலை' என்ற பெயரில் 'ணா', 'லை' ஆகிய இரண்டு எழுத்துகளும் சாட்சி சொல்லும். இப்படிப்பட்ட 13 எழுத்துகளை மற்ற எழுத்துகளைப்போல் எளிமையாக எழுதலாம் என்று தந்தை பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் தொடங்கி நடைமுறைப்படுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978-இல் அதை ஏற்றது. ஆகவே பழைய வடிவம் கண்ணில் பட்டால், பலகை பழையதாக இருக்கக்கூடும், அல்லது எழுதியவர் பழைய பள்ளியில் படித்தவராக இருக்கக்கூடும். புதிய வடிவம் இருப்பதால் மட்டும் பலகை 1978-க்குப் பிந்தியது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பெரியார் 1929-லும் 1954-லும் மலாயாவுக்கு வந்தவர். அவர் வழி நின்றவர்கள் முன்னமேயே புதிய எழுத்தை எழுதியிருக்கலாம். ஒரு சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே அறிவுடைமை.

இன்றைய பலகைகள் பெரும்பாலும் கணினியில் அடித்தவை. அந்த எழுத்துகளும் தாமாக முளைத்தவை அல்ல. ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்தவை. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலிருந்து கணினியில் தமிழுக்காக உழைத்து, முரசு அஞ்சல் என்னும் செயலியைத் தந்தார். அவர் உருவாக்கிய இணைமதி என்னும் தமிழ் எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. எழுத்து வரைவது படித்துச் செய்யக்கூடிய ஒரு தொழில் என்பதைச் சுவரில் கிறுக்கும் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் பெற்றோர்கள் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஏமாற்றுக்கு வருகிறேன். ஒரு தாய் இரவுச் சந்தையில் சப்பாத்து வாங்குகிறார். பெட்டியில் தெரிந்த சிவப்பு, தெரிந்த சாய்வு. வீட்டுக்கு வந்த பிறகு பள்ளிக்குப் போகும் மகள் பெட்டியைப் பார்த்து, "அம்மா, இதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதே" என்கிறாள். ஒரே மாதத்தில் அடிப்பகுதி பிளந்துவிடுகிறது. போனது சப்பாத்து மட்டுமா? வெயிலில் நின்று சம்பாதித்த இரண்டு நாள் கூலியும் போயிற்று. மருந்தாக இருந்தால் உடம்புக்கே கேடு.

ஆகவே தாய்மார்களே, பொருள் வாங்கும்போது நான்கு காரியம் செய்யுங்கள். பெயரை உருவமாகப் பார்க்காமல் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டிலிருக்கும் பழைய பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கையில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். எழுத்தின் விளிம்பைப் பாருங்கள்: பார்த்துப் பார்த்துப் படியெடுத்த எழுத்தில் வளைவு நொண்டும், மை கசிந்திருக்கும். கடைசியாக, ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பொய்யான பெயரை ஒட்டிப் பொருள் விற்பது நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். வாங்கிய பொருளுக்கு நட்டம் கேட்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ரசீது இல்லாமல் வெறுங்கையோடு போய் வாதிடுவது கடினம்.

இன்று இரவு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ரொட்டி டின், பால் டின், தேயிலைப் பொட்டலம் மூன்றையும் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொரு பெயரிலும் இரண்டு முறை வரும் எழுத்தைப் பிள்ளைகள் தேடட்டும். அச்சு முறுக்கா, கைமுறுக்கா என்று அவர்களே சொல்லட்டும். பாட்டியையும் கூப்பிடுங்கள். பெரிய கடையின் எழுத்தைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்த கண் அவருடையது. அந்தக் கண்ணுக்குப் பேரப்பிள்ளையின் படிப்பும் துணை சேர்ந்தால் அந்த வீட்டில் போலிச் சரக்கு நுழைவது கடினம்.